மாணாக்கர் கேட்ட பாடம்

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 312 என்று ஓர் எண் உண்டு. பத்து பாகாட் கடைத்தெருவில் நின்று வருவோர் போவோரைக் கேட்டால், அவ்வெண்ணின் பொருளை அறிந்து சொல்வோர் கிடைப்பது அரிது. ஆயினும் அவ்வெண் நம்முடைய மாதர் பலரின் வாழ்வையும் சாவையும் நெடுங்காலமாக அளந்து வந்திருக்கிறது. கருவுற்ற பெண்ணின் கருவை வேண்டுமென்று சிதைப்பவர் குற்றவாளி. மூன்றாண்டு வரை சிறை. வயிற்றில் சிசுவின் அசைவு தெரிந்த பின்னாயின் ஏழாண்டு வரை சிறை. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம்.

இப்பிரிவு இம்மண்ணில் முளைத்ததன்று. 1860-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து ஆண்ட பிரிட்டிஷார் இந்தியாவுக்கென்று எழுதிய சட்டத்தின் 312-ஆம் பிரிவே இது. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதுபோல் அதுவும் கடல் கடந்தது. 1871-இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றிடங்களுக்கும் விதிக்கப்பட்டு, பின்னர் மலாய் நாடுகளுக்கும் பரவி, எண்கூட மாறாமல் இங்கே குடியேறிவிட்டது. நம்மவர் இங்கே வந்து பேரும் உடையும் மாறினார்கள். அது ஒன்றுதான் மாறவில்லை!

‘வெட்டிய கல்’ என்று பொருள்படும் பெயரையுடைய இந்நகரத்தைச் சுற்றியும், யொங் பெங், குளுவாங் செல்லும் சாலைகளின் இருபுறமும் ரப்பர் மரம் நின்ற காலத்தில், லயத்து வீடுகளில் வாழ்ந்த பெண்ணுக்கு வைத்தியம் என்பது தோட்டத்து ஆஸ்பத்திரியும், அங்கிருந்த டிரசரும், பக்கத்து வீட்டு மருத்துவச்சிக் கிழவியுமே. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால்மரத்துக்கு ஓடுகிறவள் ஆறாவது முறையாகக் கருவுற்றால் யாரிடம் போவாள்? பப்பாளிக் காயையும், அன்னாசியையும், எள்ளையும், அவற்றால் ஆகாதபோது எருக்கங்குச்சியையும் நம்பினார்கள். அந்தக் குச்சியினால் உதிரம் கெட்டு, ஜன்னி கண்டு, மூன்றாம் நாள் மாண்டவர்களைப் பற்றி ‘காய்ச்சலில் போய்விட்டாள்’ என்று சொல்லி அழுது முடிப்பதே வழக்கம். அந்தக் காய்ச்சலின் பெயரை உரக்கச் சொல்ல நம் பத்திரிகைகளும் கூசின. கூச்சத்தை நாம் கற்பென்று எண்ணிக்கொண்டோம்.

இவ்விஷயத்தில் சட்டம் ஒரு பாதி. வைத்தியர் மற்றப் பாதி. சட்டம் திறந்து வைத்த கதவையும் வைத்தியர் அறியாவிட்டால் பெண்ணுக்கு அது மூடிய கதவே. வைத்தியர் எதை அறிவார், எதை அறியார் என்பது அவர் மாணாக்கராய் இருந்த வகுப்பறையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே, மாதர் உயிரைக் காக்க வைத்திய மாணாக்கர் செய்தது என்ன என்ற சரித்திரத்தை நம் நேயர்கள் சற்றே அறிந்துகொள்வது நலம்.

மாணாக்கர் என்றவுடனே அவர்கள் எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்பவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1869-இல் எடின்பரோ நகரத்தில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் மாதரசியும் அவர் தோழியரும் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார்கள். 1870 நவம்பர் 18-ஆம் நாள் அவர்கள் பரீட்சை எழுதச் சென்றபோது, வழிமறித்துச் சேற்றை வாரி வீசியவர்கள் யார்? உடன் படித்த ஆண் மாணாக்கர்கள்தாம். பரீட்சை நடந்த மண்டபத்துக்குள் ஓர் ஆட்டையும் ஓட்டிவிட்டார்கள். பெண் படித்தால் ஆடும் படிக்கலாம் என்பது அவர்கள் கண்ட நகைச்சுவை போலும்! அந்தப் பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் பட்டமும் கொடுக்கவில்லை.

அதற்கு ஐந்தாண்டு கழித்து நம் சென்னை நகரம் எடின்பரோவை வென்றது. 1875-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வக்கீலாயிருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. இந்நாட்டுப் பெண்கள், ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால், பிரசவ வேதனையில் உதவியின்றி மாள்வதைக் கேள்வியுற்று, முதலில் எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சித் தொழில் கற்றார். அது போதாதென்று கண்டு கல்லூரிக் கதவைத் தட்டினார். சர்ஜன் ஜெனரலாயிருந்த எட்வர்டு பால்பர் துணை நின்றார். ஆனால் கல்லூரிக்குள் எல்லாரும் அப்படியல்லர். நோயாளிகளின் வார்டில் இவர்கள் நடப்பதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை, ஆனால் நான் கற்பிக்க மாட்டேன் என்ற கருத்தில் ஒரு பேராசிரியர் பேசியதை ஷார்லீப் அம்மையாரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கற்பியாத ஆசிரியரின் பின்னே நடந்து நடந்தே அவர்கள் கற்றார்கள். 1878-இல் தேறினார்கள். ஷார்லீப் லண்டன் சென்று 1882-இல் மேற்பட்டம் பெற்று, மீண்டும் சென்னைக்கு வந்து, 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி தோன்றக் காரணரானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபாய் காந்தி ஆஸ்பத்திரி என்று வழங்குவது அதுவே.

அக்காலத்து இந்தியப் பெண்ணொருத்தியின் கதை இதனினும் உருக்கமானது. ஒன்பது வயதில் மணமுடிக்கப்பட்ட ஆனந்திபாய் ஜோஷி, பதினான்கு வயதில் ஓர் ஆண்மகவைப் பெற்றார். தக்க வைத்தியமின்றி அது பத்து நாளில் இறந்தது. அந்தத் துயரமே அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பென்சில்வேனியாப் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் 1886-இல் பட்டம் பெற்றார். மறு வருஷமே, இருபத்திரண்டு வயது நிரம்புமுன், க்ஷயரோகத்தால் மாண்டார். பதினான்கு வயதுச் சிறுமியின் வயிற்றில் பிள்ளையைச் சுமத்துவது தர்மம் என்றும், அப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்வது அதர்மம் என்றும் பேசிய சமூகம் அது. அச்சமூகத்தின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதை மறத்தலாகாது.

புதுக்கோட்டை முத்துலட்சுமி 1907-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றதும், 1927-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்ததும், தேவதாசி ஒழிப்புக்குப் போராடியதும் நம்மவர் நன்கறிந்தவை, விரித்தல் வேண்டா.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1904-இல் சிங்கப்பூரில் டான் ஜியாக் கிம் என்னும் சீனப் பிரமுகர் தலைமையில் ஆசியச் சமூகத்தார், எங்கள் பிள்ளைகளும் வைத்தியம் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று கவர்னருக்கு விண்ணப்பித்தார்கள். பணம் சேர்த்து வாருங்கள் என்றது அரசாங்கம். கேட்டது 71,000 வெள்ளி. ஜனங்கள் கொடுத்தது 87,077 வெள்ளி. 1905-இல் 23 மாணாக்கருடன் பள்ளி தொடங்கிற்று. அதற்குக் கொடுத்த இடம் எது தெரியுமா? பைத்தியம் பிடித்த பெண்களை அடைத்து வைத்திருந்த பழைய கட்டிடம்! அப்பள்ளியே வளர்ந்து ஏழாம் எட்வர்டு மன்னர் வைத்தியக் கல்லூரியாகி, 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. அங்கே படித்துத் தேறிய லீ சூ நியோ அம்மையார் சிங்கப்பூரின் முதல் பெண் வைத்தியர். பெண்களைப் பூட்டிய கட்டிடத்தில் தொடங்கிய பள்ளி பெண் வைத்தியரைத் தந்தது ஓர் அழகிய திருப்பமே. ஆனால் 312 மட்டும் அப்படியே நின்றது.

தமிழ்நாட்டில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்ப்பத்தடை பற்றிப் பேச்சு எழுந்தது. மைசூர் அரசாங்கம் 1930-இல் அதற்கென்றே வைத்தியசாலைகள் திறந்தது. சென்னையில் கற்றறிந்த கனவான்கள், ஜனத்தொகை பெருகுகிறது, ஏழைகள் அதிகமாகப் பெறுகிறார்கள் என்று காரணம் காட்டினர். ஈ. வெ. ராமசாமிப் பெரியார் ஒருவரே, தேசத்தின் வறுமைக்காக அன்று, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று ‘குடி அரசு’ ஏட்டில் வெளிப்பட எழுதினார். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார். இவ்விரு காரணங்களுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. ஜனத்தொகையே காரணமானால், அரசாங்கம் வேண்டியபோது கருவைத் தடுக்கும், வேண்டாதபோது பெறு என்று கட்டளையிடும். இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில் 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அவர்களில் ஏழைகள் எத்தனை பேர் தாமே விரும்பி வந்தவர்? கத்தியைப் பிடித்தவர்களும் வைத்தியர்களே. ஆகவே பிள்ளை பெறாதிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்றதை நலமாக வளர்க்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒன்றே என்று 1994-இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சிலர் கூடி ஒரு கொள்கை வகுத்தார்கள். பிள்ளைப்பேற்று நியாயம் என்று அதை நாம் சொல்லலாம். நம் தோட்டத்துப் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயாக் கொட்டகையில் பிள்ளை என்ன ஆயிற்றோ என்று பால்வாளியோடு நடந்தவளுக்கு மூன்றாவது உரிமையின் அருமை நன்றாகத் தெரியும்.

312-க்குத் திரும்புவோம். தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்தாலன்றிக் குற்றம் என்பதே பழைய சட்டம். உயிர் என்றால் என்ன? மூச்சு மட்டுமா? இக்கேள்விக்கு விடை இங்கிலாந்தில் 1938-இல் வந்தது. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பட்டாளத்தார் சிலர் கெடுத்துவிட்டனர். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பெயர் பெற்ற ஆலெக் போர்ன் என்னும் சர்ஜன் ஒருவர், அவள் கருவைக் கலைத்து, தாமே அதிகாரிகளுக்கு அறிவித்துக் குற்றக்கூண்டில் ஏறினார். உடலும் உள்ளமும் சிதைந்து நடைப்பிணமாகிவிடுவாள் என்றால் அதுவும் உயிரைக் காப்பதில் அடங்கும் என்று நீதிபதி விளக்க, ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். இதே போர்ன் பின்னாளில், கருக்கலைப்புச் சட்டம் மிகவும் தளர்கிறது என்று எதிர்த்தவர்களோடு சேர்ந்துகொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொள்கையில் தயங்கியவர், ஆனால் எதிரே கிடந்த சிறுமியின் விஷயத்தில் தயங்கவில்லை. கருக்கலைப்பைப் பாவமென்று கருதும் நேயர்கள் நம்முள் பலர் இருப்பர். அவர்கள் மனச்சாட்சியைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் இந்தப் போர்னை நினைத்துப் பார்க்கட்டும்.

போர்ன் வழக்கின் விதை 1967-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுச் சட்டமாக முளைத்தது. சிங்கப்பூர் 1969-இல் தனிச் சட்டம் செய்தது. இந்தியா 1971-இல் செய்து 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் அவ்வுரிமையில் வேற்றுமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மலேசியாவிலோ 1985-இல் சட்ட அறிக்கைகளில் பதிவான ஒரு வழக்கில் மகப்பேற்று வைத்தியர் ஒருவர் 312-இன்கீழ்த் தண்டிக்கப்பட்டார். நான்காண்டு கழித்து, 1989-இல் அப்பிரிவு திருந்திற்று. பதிவு பெற்ற வைத்தியர் ஒருவர், கருவைத் தொடர விடுவதனால் அப்பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ வரும் ஆபத்து, கருவைக் கலைப்பதனால் வரும் ஆபத்தினும் மிகுதி என்று நல்லெண்ணத்துடன் கருதினால், கலைப்பது குற்றமன்று. மன நலம் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

கதவு திறந்தது. ஆனால் அது திறந்திருப்பதைக் கதவருகே நின்றவர்களே அறியவில்லை! 2007-இல் இந்நாட்டு மாதர் சங்கத்தினரும் வைத்தியரும் சேர்ந்து பிள்ளைப்பேற்று உரிமைக் கூட்டணி ஒன்றை நிறுவினார்கள். வைத்தியர்களையும் செவிலியர்களையும் அவர்கள் விசாரித்தபோது, சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதையே அறியாதவர் பலர் இருக்கக் கண்டார்கள். சட்டம் மாறி அப்போது பதினெட்டு ஆண்டு! பத்து பாகாட்டின் ஏழைப் பெண் ஒருத்தி கிளினிக்குக்குப் போய்க் கேட்டு, ‘அம்மா, அது சட்ட விரோதம்’ என்ற பதிலோடு திரும்பினால், அவளைத் திருப்பியது சட்டமா, வைத்தியரின் அறியாமையா? கையில் காசுள்ளவள் தலைநகரில் வேறொரு வைத்தியரைத் தேடிக்கொள்வாள். காசில்லாதவள் மருந்தென்று எவனோ விற்பதை வாங்கி விழுங்குவாள். எருக்கங்குச்சியின் இடத்தில் இன்று பெயரில்லாத மாத்திரை.

இதே குறையை அமெரிக்காவில் மாணாக்கர் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது கேட்கத் தக்கது. அங்கே 1973-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக்கிற்று. இருபதாண்டு சென்றும், வைத்தியப் பள்ளிகள் பலவற்றில் அதைப் பற்றி ஒரு வகுப்பும் இல்லை. உரிமை உண்டு, செய்யக் கற்றவர் இல்லை. 1993 மார்ச்சு மாதத்தில் புளோரிடா மாகாணத்தில் டேவிட் கன் என்னும் வைத்தியரை, கருக்கலைப்புச் செய்கிறார் என்பதற்காக ஒருவன் முதுகில் சுட்டுக் கொன்றான். ஏறக்குறைய அதே நாட்களில், இப்படிப்பட்ட வைத்தியர்களை இழிவு செய்யும் கொடிய கேலித் துணுக்குகள் கொண்ட ஒரு சிறு புத்தகம், நாடெங்கும் ஆயிரக்கணக்கான வைத்திய மாணாக்கரின் வீட்டுக்கே தபாலில் வந்து விழுந்தது. அஞ்சட்டும் என்றே அனுப்பினார்கள். நடந்தது வேறு. சான் பிரான்சிஸ்கோவில் முதலாண்டு மாணவியாயிருந்த ஜோடி ஸ்டைனவர் என்பவர், மற்றப் பள்ளிகளின் மாணாக்கருக்கு எழுதி, அவர்களைத் திரட்டி, படிப்பைச் சிறிது காலம் நிறுத்திவைத்துவிட்டு ஒரு சங்கத்தைக் கட்டினார். அவர்கள் கோஷம் போட்டது குறைவு. விண்ணப்பம் எழுதியது அதிகம். பாடத் திட்டத்தை வகுக்கும் சபையிடம் சென்று, மகப்பேற்று வைத்தியத்தில் மேற்பயிற்சி பெறுவோர் யாவருக்கும் இதைக் கற்பிக்க வேண்டும், மனச்சாட்சி தடுப்போர் விலகிக்கொள்ளட்டும் என்று கேட்டார்கள். 1995-இல் அச்சபை அவ்வாறே விதித்தது. மாணாக்கர் தங்கள் ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் என்றால் மிகையாகாது. 2022 ஜூன் 24-இல் அதே உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கிவிட்டபின், தடை விதித்த மாகாணங்களில் மேற்பயிற்சி பெறுவோர் இதைக் கற்க வேறு மாகாணங்களுக்குப் பிரயாணம் செய்கிறார்கள்.

கற்றும் கைகட்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 2012 அக்டோபர் 28-ஆம் நாள், கர்நாடகத்திலிருந்து சென்று அங்கே குடியிருந்த பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர், கரு சிதையத் தொடங்கிய நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து மாண்டார். வயது 31. கலைத்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். சிசுவின் இதயம் துடிக்கிறது, சட்டம் இடங்கொடாது என்று காத்திருந்தார்கள். அதற்குள் விஷம் உடலெங்கும் ஏறிவிட்டது. 2018-இல் அந்நாட்டு ஜனங்கள் வாக்களித்துச் சட்டத்தை மாற்றியபோது, அவர் படம் தெருச் சுவர்களில் எழுதப்பட்டிருந்தது.

நம் நாட்டு மாணாக்கர் என்ன நினைக்கிறார்கள்? ஊகிக்க வேண்டியதில்லை; கேட்டிருக்கிறார்கள். 2011-இல் இரண்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலும், வைத்தியப் படிப்பின் முதலாண்டு, மூன்றாமாண்டு, ஐந்தாமாண்டு மாணாக்கரிடம் ஆராய்ச்சியாளர் சிலர் வினாத்தாள் கொடுத்தார்கள். 1,060 பேர் எழுதித் தந்தனர். அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர், கருக்கலைப்பைப் பற்றிய அறிவும், அதன் சட்டமும் தங்களுக்கு இன்னும் அதிகமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்றனர். இவர்களில் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, நம்மவரும் உண்டு, பல மதத்தார். எல்லாரும் கருக்கலைப்பை ஆதரிப்பவரல்லர். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் பத்துக்கு ஒன்பது பேர் ஒன்றுபட்டனர். தெரியாமலிருப்பதே ஒழுக்கம் என்று எண்ணிய பெரியவர்களுக்கு இதைவிட மரியாதையான பதில் வேறென்ன உண்டு? மறு ஆண்டில், 2012-இல், சுகாதார அமைச்சு அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கென்று கருவை முடித்தல் பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அந்நூல் எத்தனை வார்டுகளில் தூசி படிந்து கிடக்கிறது, எத்தனை வார்டுகளில் திறந்து படிக்கப்படுகிறது என்பது அங்கங்கே உள்ள வைத்தியரைப் பொறுத்தது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துப் பிள்ளைகள் நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். அவர்களில் சிலர் வைத்தியப் பள்ளிக்கும் போயிருக்கிறார்கள். பால்மரம் சீவிய தாயின் மகள் வெள்ளை அங்கி அணிந்து வார்டில் நடக்கும்போது, அவளுக்குப் புத்தகம் சொல்லாத ஒன்றும் தெரியும்: அந்தக் ‘காய்ச்சலின்’ பெயர். அவள் அதை வகுப்பில் எழுந்து கேட்டால், கேள்வி நாகரிகமற்றது என்று அவளை உட்காரச் சொல்லாதிருப்பது ஆசிரியர் கடமை; வீட்டில் அவள் பேசும்போது வாயடைக்காதிருப்பது நம் கடமை.

2011-இல் வினாத்தாளை நிரப்பியவர்களில் முதலாண்டில் இருந்தவர்கள்கூடப் படிப்பு முடித்துப் பல்லாண்டாகிவிட்டது. ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும், சிற்றூர்க் கிளினிக்குகளிலும், பத்து பாகாட்டைப் போன்ற நகரங்களிலும் இன்று நாற்காலியில் அமர்ந்து நோயாளியைப் பார்ப்பவர்கள் அவர்களே. அவர்கள் முன்னால் போய் நிற்கும் நம் பெண்கள் ஒன்றை அறிந்து செல்லட்டும். 312-ஆம் பிரிவின் அந்தத் திருத்தத்தில் உயிர் என்ற சொல் உண்டு, உடல் நலம் உண்டு, மன நலம் உண்டு, வைத்தியர் உண்டு, பெண் உண்டு. கணவன் என்ற சொல் இல்லை. மாமியார் என்ற சொல்லும் இல்லை.